1281: ஒரு பாடம், நாலு கரை

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் ‘இடைக்காலம்’ என்று ஒரு பாடம் இருக்கு. சீனாவில் சோங், யுவான், மிங். ஜப்பானில் ஃபுஜிவாரா, மினமோட்டோ, காமகுரா ஷோகன்கள். அதே பாடத்துக்குள் இஸ்லாத்தின் எழுச்சி, சிலுவைப் போர், ஐரோப்பாவின் நிலமானிய முறை எல்லாம் வரணும். கிழக்காசியாவுக்குக் கிடைப்பது சில பக்கங்கள். நடத்துபவருக்கு அதிகபட்சம் இரண்டு மூன்று பீரியட்.

எங்க திருவொற்றியூரில் ஒரு சமூக அறிவியல் டீச்சர் இருக்காங்க. இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கல்வெட்டு பார்க்கக் கிளம்பிடுகிற ஆள் என்று என்னைத் தெரியும். அவங்க கேட்டதால்தான் இந்தக் கட்டுரை. “தம்பி, பசங்க கொரியன் சீரியல் பார்த்துட்டு வந்து என்கிட்டயே அன்யோங் சொல்லுதுங்க. ஷோகன்னா யாருன்னு கேட்டா முழிக்குதுங்க. எனக்கே அந்தப் பாடம் ஒட்ட மாட்டேங்குது. நம்ம பக்கமா பிடிச்சுக்க ஏதாவது இருந்தா சொல்லு.”

அமெரிக்காவில் இதுக்குன்னே ஓர் ஏற்பாடு உண்டு. 1998லிருந்து சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, ஃப்ரீமன் அறக்கட்டளையின் பணத்தில், பள்ளி ஆசிரியர்களுக்குச் சீனா, ஜப்பான், கொரியா பற்றி வகுப்பு எடுக்கிறாங்க. சரித்திரம், இலக்கியம், மூல ஆவணம் எல்லாம் படிச்சு அதை எப்படி வகுப்பறைக்குக் கொண்டுபோவது என்று பயிற்சி. நம்ம டீச்சரிடம் இருப்பது பாடநூல், யூடியூப், அப்புறம் வாட்ஸ்அப்.

இந்த வாட்ஸ்அப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசித்தான் ஆகணும். ஏன்னா அவங்க எனக்கு முதலில் அனுப்பியதே மூணு ஃபார்வர்டு. ஒன்று போதிதர்மர். இரண்டு கொரியாவுக்குப் போன தமிழ் இளவரசி. மூணாவது, கொரிய மொழியில் அம்மா அப்பா எல்லாம் தமிழ்தான் என்கிற பட்டியல். “இதை வகுப்புல சொல்லலாமா?” என்று கேட்டிருந்தாங்க.

போதிதர்மரை எடுத்துக்குவோம். 2011ல் ‘ஏழாம் அறிவு’ வந்த பிறகு அவர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது நம்ம ஊரில் வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. சீனாவில் அவரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு கி.பி. 547ல் யாங் சுவான்ஷி எழுதிய லோயாங் நகரத்துக் கோயில்கள் பற்றிய நூலில் இருக்கு. அங்கே அவர் மேற்கிலிருந்து வந்த பாரசீகத் துறவி. வயசு 150 என்று அவரே சொல்லிக்கொள்கிறார், யோங்நிங் கோயில் கோபுரத்தைப் பார்த்து மலைச்சுப்போய் நிற்கிறார். அவருடைய சீடர் வரிசையில் வந்த தான்லின் எழுதிய குறிப்பில்தான் தென்னிந்தியாவின் பெரிய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று வருது. இரண்டிலுமே காஞ்சி கிடையாது, பல்லவர் கிடையாது. குங்ஃபூவை அவரோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தென்னிந்தியர் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கு என்கிற வரைக்கும் சொல்லலாம். அதுக்கு மேல் போனால் சினிமா.

கொரிய ராணி கதை வருவது ‘சம்குக் யூசா’ என்ற நூலில். இர்யோன் என்ற பௌத்தத் துறவி 1280களில் தொகுத்தது. ‘ஆயுத’ என்ற தொலைதூர நாட்டிலிருந்து ஹோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசி கி.பி. 48ல் கப்பலில் வந்து, கயா நாட்டு அரசர் சூரோவை மணந்தாள் என்பது கதை. வடக்கே அதை அயோத்தி என்கிறார்கள். 2001ல் அங்கே அவளுக்கு ஒரு நினைவிடமும் வைத்தாயிற்று. தெற்கே நாம் ஆய் நாடு, கன்னியாகுமரி என்கிறோம். சம்பவம் நடந்ததாகச் சொல்வதற்கும் இந்த நூலுக்கும் இடையில் 1,200 வருஷத்துக்கு மேல் இடைவெளி. அயோத்திக்காரரும் நாமும் சண்டை போடுவது அந்த இடைவெளிக்குள்ளே நின்றுகொண்டுதான்.

சொற்பட்டியலுக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905லேயே புத்தகம் போட்டார். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு இருக்கிறது என்று சுசுமு ஓனோ பல வருஷம் உழைத்து எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் இரண்டையும் ஏற்கவில்லை. அம்மா, அப்பா மாதிரிச் சொற்கள் குழந்தையின் உதட்டில் முதலில் ஒட்டும் ஒலிகள். அவற்றை வைத்து உறவு சொல்வது கஷ்டம். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா! அதுக்காக ஜார்ஜியர்களை நாம் தாய்மாமன் முறை கொண்டாட முடியாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஃபார்வர்டுகளுக்குப் பதிலாக ஒரு கல்லைக் கொடுத்தேன்.

சீனாவின் தென்கிழக்குக் கரையில் குவான்சோ என்ற துறைமுகம். சோங், யுவான் காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று; 2021ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1956ல் அங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. மேலே தமிழ் வரிகள், கடைசியில் ஒரு வரி சீனம். சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். அதாவது 1281 ஏப்ரல், சித்ரா பௌர்ணமியை ஒட்டிய நாள். தவச்சக்கரவர்த்திகள் என்ற சம்பந்தப் பெருமாள், செகசைகான் என்ற அரசரின் உடல் நலத்துக்காக, அவருடைய பர்மான்படி, ஒரு சிவன் கோயிலை அங்கே எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. அரசாணைக்கான பாரசீகச் சொல் தமிழ் எழுத்தில் சீன மண்ணில் வெட்டப்பட்டிருக்கு. செகசைகான் என்பது குப்லாய் கான்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

அந்த ஊரில் கிடைத்த இந்துச் சிற்பத் துண்டுகள் நிறைய. சிவலிங்கத்துக்கு யானை பூஜை செய்யும் புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு, பார்த்தவுடன் நமக்குத் திருவானைக்கா ஞாபகம் வரும். கையுவான் பௌத்தக் கோயிலின் பின்பக்கத் தூண்களில் கிருஷ்ணனும் நரசிம்மரும் இருக்காங்க. பக்கத்துக் கிராமம் ஒன்றில் நம்ம பாணி அம்மன் சிலையைக் குவான்யின் என்று இன்னும் கும்பிடுறாங்க.

கதையில் 1,200 வருஷ இடைவெளி. கல்லில் இடைவெளியே கிடையாது. 1281ல் வெட்டிய கல் 1281ஐப் பற்றிப் பேசுது. மாணவர்களுக்கு ‘சான்று’ என்றால் என்ன என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தே சொல்லிவிடலாம் என்று டீச்சருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே நிறுத்தினாங்க.

“எல்லாம் சரி தம்பி. இதுலயும் நாமதான இருக்கோம்? சீனாக்காரன் எங்க, ஜப்பான்காரன் எங்க? நான் நடத்த வேண்டியது அவங்களத்தானே?”

இந்தக் கேள்வியை நான் பல நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். நம்ம பக்கத்தில் கிழக்காசியா பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி, நல்ல ஆய்வுகள் உட்பட, அங்கே தமிழன் இருக்கானா என்று தேடுவதுதான். புரளியை விட்டுச் சான்றுக்கு வந்தாலும் தேடும் ஆள் மாறலை. கண்ணாடி பார்ப்பதற்கு ஒன்பதாம் வகுப்பில் மூணு பீரியட் ஒதுக்க முடியாது.

சரி, அவங்க பக்கத்திலிருந்து பார்த்தால்? ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015ல் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் ஆன நாட்கள் 1,150 என்று சீன ஆவணம் கணக்குச் சொல்லுது. ராஜேந்திரன் காலத்தில் 1033ல் ஒரு குழு, குலோத்துங்கன் காலத்தில் 1077ல் 72 பேர் கொண்ட ஒரு குழு. 1077 குழு கொண்டுபோன பொருட்களுக்கு ஈடாக 81,800 கோவை செப்புக்காசு கிடைத்தது. சீனக் காசில் நடுவில் சதுர ஓட்டை இருக்கும், கயிற்றில் கோத்து வைப்பார்கள். ஒரு கோவைக்கு 1,000 காசு என்பது பெயரளவுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 8 கோடியே 18 லட்சம் காசு. (பசங்களை விட்டே பெருக்கச் சொல்லலாம்.) மன்னார்குடிப் பக்கம் தாலிக்கோட்டையிலும் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் ஒலையக்குன்னத்திலும் சீனக் காசுப் புதையல்கள் கிடைத்திருக்கு.

இங்கே வரைக்கும் நமக்குப் பெருமை. அடுத்ததைக் கேளுங்க. 1106ல் பர்மாவின் பாகான் நாட்டுத் தூதர்கள் சோங் அரசவைக்கு வந்தார்கள். சோழத் தூதருக்குக் காட்டிய அதே வரிசை மரியாதையை இவர்களுக்கும் காட்டலாம் என்று உத்தரவு. சடங்குத் துறை அதிகாரிகள் ஆட்சேபிக்கிறாங்க: சோழம் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு, பாகான் அப்படி இல்லை, ஆகவே அதைவிட உயர்ந்த மரியாதை தரணும் என்று. ராஜேந்திரன் கடாரத்தின்மேல் படையெடுத்து 81 வருஷம் கழித்து, சீன ஃபைலில் சோழன் ஸ்ரீவிஜயத்தின் கீழ்! நடுவில் இருந்து வியாபாரம் பண்ணிய ஸ்ரீவிஜயத்துக்காரர்கள்தான் இப்படிச் சொல்லிவைத்திருக்கணும் என்பது தான்சென் சென் போன்றவர்களின் ஊகம். எனக்கு அதைவிடச் சுவாரசியம் அந்த அதிகாரிகள்தான். எந்த நாட்டுக்கு எந்தக் காகிதத்தில், எந்த உறையில் கடிதம் போகணும் என்று தரம் பிரித்து வைத்திருந்த ஓர் அரசாங்கம் அது. தேர்வெழுதி வந்த அதிகாரிகள். சோங் காலம் என்றால் என்னவென்று விளக்க இந்த ஒரு ஃபைல் போதும்.

மறுபடி 1281க்கு வரேன். கல்வெட்டின் தேதியை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பாடநூலைப் பிரித்து மங்கோலியர் ஜப்பான்மேல் படையெடுத்த வருஷங்களைச் சரிபார்க்கையில்தான் கண்ணில் பட்டது: 1274, 1281.

அதே வருஷம். சம்பந்தப் பெருமாள் யாருடைய உடல் நலத்துக்காகச் சித்திரையில் கோயில் வைத்தாரோ, அதே குப்லாய் கானின் கடற்படை அந்த ஆவணியில் ஜப்பானின் கியூஷு கரையில் புயலில் சிக்கி நாசமானது. அந்தப் படைக்கான கப்பல்களில் ஒரு பகுதியைக் கட்டிய ஊர்களில் குவான்சோவும் ஒன்று. கோயிலில் தீபாராதனை நடந்த நேரத்தில் துறைமுகத்தில் போர்க்கப்பலுக்குப் பலகை அடித்திருப்பார்கள்.

இப்போ அந்தக் கல்லே வேற மாதிரித் தெரியும். குவான்சோ சோங் அரசின் துறைமுகமாக இருந்து, கோயில் எழும்புவதற்கு நாலைந்து வருஷம் முன்புதான் மங்கோலியர் கைக்குப் போயிருந்தது. பூ ஷோகெங் என்ற, வெளிநாட்டு முஸ்லிம் வணிகர் வம்சத்தில் வந்த பெரும்புள்ளி கட்சி மாறினார். ஊரில் இருந்த சோங் அரச வம்சத்தார் கொல்லப்பட்டார்கள். ரத்தம் காய்ந்து சில வருஷமே ஆன ஊரில், புது ராஜாவின் உடம்புக்கு நல்லது வேண்டி, புது ராஜாவின் ஆணையோடு, ஒரு வெளியூர்ச் சமூகம் கோயில் கட்டுது. பக்தி இருந்திருக்கும், இல்லைன்னு சொல்ல மாட்டேன். கூடவே ‘நாங்க உங்க பக்கம்’ என்கிற அறிவிப்பும் அதில் இருக்கு என்றுதான் நான் படிக்கிறேன். கடைசியில் ஒரு வரி சீனம் எதுக்கு? உள்ளூரில் யாராவது படிக்கணும் என்றுதானே?

கொரியாவுக்குப் போவோம். அப்போது கொர்யோ அரசு மங்கோலியருக்கு அடங்கிப்போயிருந்தது. இரண்டு படையெடுப்புக்கும் கப்பல், மாலுமி, அரிசி எல்லாம் கொர்யோ தரணும். மலைகளில் மரம் வெட்டி, ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். அந்த வருஷங்களில்தான் முதியவரான இர்யோன் பழங்கதைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தார். நாடு இன்னொருத்தன் கையில் இருக்கும்போது ஒரு துறவி தன் நாட்டின் ஆதி ராஜாக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று எழுதுகிறார். கடல் தாண்டி வந்த அந்த ராணியின் கதை இந்தப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கு. அவள் தமிழச்சியா அயோத்திக்காரியா என்று நாம் அடித்துக்கொள்வதைவிட, 1280களில் ஒரு கொரியருக்கு அந்தக் கதை ஏன் தேவைப்பட்டது என்பது நல்ல கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாத கேள்வியும் இல்லை.

ஜப்பான் பக்கம் கதை இன்னும் கெட்டி. 1274 அனுபவத்துக்குப் பிறகு காமகுரா அரசு ஹகாத்தா விரிகுடாவில் கல் மதில் எழுப்பியது. 1281ல் வந்த படை 1,40,000 பேர், 4,400 கப்பல் என்பது பழைய கணக்கு. இன்றைய ஆய்வாளர்கள் பலர் அவ்வளவு இருக்காது என்கிறார்கள். மதிலைத் தாண்ட முடியாமல் கடலிலேயே கிடந்தபோது புயல் அடித்தது. ஜப்பானியர் வைத்த பெயர் காமிகாசே, தெய்வக் காற்று. தகாஷிமா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் அந்தக் கப்பல்களின் மிச்சங்களை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டிருக்காங்க. 2011ல் ஒரு கப்பலின் அடிப்பகுதியே கிடைத்தது.

ஜெயித்த பிறகுதான் காமகுராவுக்குச் சிக்கல். வழக்கமாகப் போரில் ஜெயித்தால் தோற்றவன் நிலத்தைப் பிரித்துச் சாமுராய்களுக்குக் கொடுப்பார்கள். இங்கே தோற்றவன் கடலுக்குள் போயிட்டான். பிரித்துக்கொடுக்க ஒரு குழி நிலம்கூட இல்லை. தகேசாகி சுயநாகா என்ற சாமுராய் 1274 போருக்குப் பிறகு சன்மானம் கேட்டுக் காமகுராவுக்கே நடையாய் நடந்து போய் மனு கொடுத்தவர். பிற்பாடு தான் சண்டை போட்டதையெல்லாம் ஒரு நீளமான படச்சுருளாக வரையச் செய்தார். அது இன்றும் இருக்கு, இணையத்தில் பார்க்கலாம். வெடிகுண்டு வெடிக்குது, குதிரையிலிருந்து ரத்தம் கொட்டுது, நம்ம ஆள் நடுவில் நிற்கிறார். சாமுராய் என்றால் கத்தி, மானம், மௌனம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, அரியர்ஸ் கேட்டு அலையும் இந்தச் சாமுராயைக் காட்டணும். போர்ட் டிரஸ்ட்டிலும் மின்வாரியத்திலும் அப்பாக்கள் வேலை பார்த்த ஊர் இது. உடனே பிடித்துக்கொள்வார்கள். குமுறல் ஏறிக்கொண்டே போய், வேறு காரணங்களும் சேர்ந்து, 1333ல் காமகுரா ஆட்சி விழுந்தது. பாடநூலில் ஒரு வரியில் வரும் வீழ்ச்சிக்கு இதுதான் உள்கதை.

நாலாவது கரை நம்முடையது. 1281ல் குப்லாயின் தூதர் யாங் திங்பி குவான்சோவிலிருந்து கிளம்பி இலங்கை வழியாக மாபாருக்கு, அதாவது பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். சோழ ஆட்சி முடிந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலம். குப்லாய்க்கு ஜப்பான் பக்கம் படை, நம்ம பக்கம் தூது. ஏன் இந்த வித்தியாசம் என்று ஒரு மாணவி கேட்டாளாம். தூரம், காற்று, வியாபார லாபம் என்று மற்ற பிள்ளைகளே பதில் சொல்லிக்கொண்டார்களாம். டீச்சர் கரும்பலகையில் 1281 என்று நடுவில் எழுதி, நாலு பக்கமும் குவான்சோ, கொர்யோ, ஹகாத்தா, பாண்டிநாடு என்று கோடு போட்டு ஒரு பீரியடில் முடிச்சுட்டாங்க.

பத்தாம் வகுப்புக்கு இன்னொன்று கேட்டாங்க, அங்கே முதல் உலகப் போர்ப் பாடத்தில் ஜப்பானின் எழுச்சி வருது. அதுக்கு எங்கேயும் போக வேண்டாம், விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷன் போர்டைப் பார்த்தால் போதும். விம்கோ என்றால் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுவீடன்காரர்களின் தீப்பெட்டிக் கம்பெனி. அவர்கள் இந்தியாவில் தொழிற்சாலை போட வந்ததற்கு ஒரு காரணம் ஜப்பான். முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு வரத்து குறைந்தபோது இந்தியச் சந்தையை ஜப்பான் தீப்பெட்டி பிடித்துக்கொண்டது. நம்ம சாமிகளின் படத்தையே லேபிளில் அச்சடித்து அனுப்பினார்கள். கோபே, ஒசாகா பக்கத்தில் அதைச் செய்த கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையதும் குழந்தைகளுடையதும். சிவகாசியைத் தெரிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 1922ல் இந்தியாவில் இறக்குமதி வரி ஏறியது. வரியைத் தாண்ட 1923ல் சுவீடன் கம்பெனி உள்ளேயே வந்து உட்கார்ந்தது. மெய்ஜிக்குப் பிந்தைய ஜப்பானின் தொழில் வளர்ச்சி, போர் தந்த வாய்ப்பு, காப்பு வரி மூன்றும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

இருபது வருஷத்தில் அதே ஜப்பான் வேறு ரூபத்தில் வந்தது. 1942 ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மெட்ராஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலைப் புலி, சிங்கங்களைச் சுட்டுக் கொன்றார்கள். துறைமுகத்தை ஒட்டிய வடசென்னைக் குடும்பங்களில் அந்த ‘எவாக்குவேஷன்’ கதை பேரன் பேத்தி வரைக்கும் வந்திருக்கும், கேட்டால் கிடைக்கும். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் கதை அதைவிடக் கொடுமை. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது காட்டிலேயே செத்துப்போனவர்களுக்குக் கணக்கு எழுத ஆள் இல்லை. பக்கத்துத் தெருவில் அதே காலத்தில் ஐஎன்ஏவில் சேர்ந்த தமிழரும் இருந்தார். இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்லணும் என்பது என் கருத்து. டீச்சருக்கு அதில் தயக்கம் இருக்கு, பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்குக் கனமாக இருக்குமோ என்று. அது அவங்க முடிவு.

எதிர்த்திசையில் நடந்ததையும் ஒரு வரி சொல்லிடறேன். நொபொரு கராஷிமா 1933ல் பிறந்த ஜப்பானியர். 1960களின் தொடக்கத்தில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து தமிழ்க் கல்வெட்டு படித்தார். சோழர் காலத்தில் ஜப்பானியன் இருந்தானா என்று அவர் தேடலை. நிலம் யார் பெயரில் இருந்தது, வரி யார் கட்டினான் என்று தேடினார். எ.சுப்பராயலு, தோரு மட்சுய் இருவரோடும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள் பெயர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி 1978ல் மூன்று தொகுதியாக வெளியிட்டார். டேட்டாபேஸோடு பிழைப்பு நடத்துகிற எனக்கு அந்தக் காலத்து மெஷினில் தமிழ்ப் பெயர்களை வகைப்படுத்திய உழைப்பைப் பார்த்தால் கும்பிடத் தோணும். 2015ல் இறந்தார்.

கடைசியாக ஒரு உதவி. அந்தக் காலத்து ஜப்பான் தீப்பெட்டி லேபிள், லட்சுமி, முருகன், கிருஷ்ணன் படம் போட்டது, வீட்டுப் பழைய பெட்டியில் யாரிடமாவது இருந்தால் நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. ‘மேட் இன் ஜப்பான்’ என்ற எழுத்து தெரியணும். பத்தாம் வகுப்புக்கு அந்தப் பாடம் வருவதற்குள் கிடைத்தால் டீச்சரிடம் கொடுத்துடுவேன்.